ஒண்ணும் தரைதான்... இருபத்திரெண்டும் தரைதான்!

சீனாவின் 'மலை நகரம்' சோங்சிங்கில் இருந்து ஒரு செமஸ்டர் ஸ்பெஷல்!

ஒரு குட்டி டெஸ்ட். உயரமான ஒரு பில்டிங். கீழே ரோட்டில் இருந்து உள்ளே நுழைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு 22-வது மாடிக்குப் போறீங்க. கதவைத் திறந்தா வெளியே என்ன இருக்கும்? மொட்டை மாடி? தண்ணி டேங்க்? துணி காயப்போட்ட கொடி?

எல்லாமே தப்பு! வெளியே ஒரு பெரிய சதுக்கம். பசங்க பந்து விளையாடறாங்க. தாத்தா ஒருத்தர் பறவைக் கூண்டோட வாக்கிங் போறார். 'அட, தரைக்கு வந்துட்டோமே' என்று நிம்மதியாக ஓரத்துக் கைப்பிடிச் சுவர் வரை போய் எட்டிப் பார்த்தால்... அடி வயிறு ஜிலீர்! நாம் கிளம்பிய ரோடு 22 மாடி கீழே, எறும்பு சைஸ் கார்களோடு ஓடுகிறது.

கிராஃபிக்ஸ் எல்லாம் இல்லை பாஸ்... அந்தக் கட்டடத்தின் பெயர் குய்ஷிங்லோ. ஊர், சோங்சிங். மேப் புத்தகத்தில் 'சோங்கிங்' என்று படித்திருப்பீர்கள். நம்ம நாக்குக்கு சோங்சிங்தான் வசதி, அப்படியே வெச்சுக்குவோம்.

எக்ஸ்சேஞ்ச் புரோகிராமில் ஒரு செமஸ்டர் படிக்க இங்கே வந்து நாலு மாசம் ஆச்சு. ஷாபிங்பா என்ற ஏரியாவில் ஜாகை. சுற்றிலும் காலேஜ்கள். கிளம்புவதற்கு முன்னால் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் 'பெய்ஜிங்கா, ஷாங்காயா?' என்று கேட்டார்கள். சோங்சிங் என்றதும், 'அது எந்தப் பட்டிக்காடு மச்சி?' என்று ஒரு லுக் விட்டார்கள். அவர்களுக்காகவே இந்தப் புள்ளிவிவரம். பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் மாதிரியே மாகாணம் எதிலும் சேராமல் மத்திய அரசின் கீழே நேரடியாக இருக்கும் மாநகரம் இது. 1997-ல் அந்த அந்தஸ்து கிடைத்தது. பரப்பளவு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். அதாவது, நம்ம தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்! ஜனத்தொகை 3 கோடியைத் தாண்டும். (இதில் கிராமம், மலை, வயல் எல்லாம் அடக்கம். நிஜமான சிட்டி இதில் ஒரு பகுதிதான்.)

யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கட்டிப்பிடிக்கும் இடத்தில், மலை மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது ஊர். சாவ்தியன்மென் படித்துறையில் நின்று பார்த்தால், செம்மண் கலரில் ஒரு தண்ணீரும் பச்சைக் கலரில் ஒரு தண்ணீரும் கொஞ்ச தூரம் ஒட்டாமலே பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இங்கே சமதளம் என்பது லாட்டரி மாதிரி, எப்போதாவது விழும்! மேப்பில் '300 மீட்டர்' என்று காட்டும் கடை, நிஜத்தில் 15 மாடி மேலே இருக்கும். அதனால் வழி கேட்டால் இடது, வலது என்பதோடு 'மேலே', 'கீழே' என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். சீனா என்றாலே சைக்கிள் என்று நினைப்போம் இல்லையா? இந்த நாலு மாசத்தில் நான் பார்த்த சைக்கிள்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இந்த மேட்டில் யார் மிதிக்கிறது?

வீட்டுக்குள்ள ரயிலு!

நெட்டில் பார்த்திருப்பீங்க... ஒரு அபார்ட்மென்ட் நடுவே புகுந்து ரயில் போகும். அந்த இடம் லீஸிபா ஸ்டேஷன். 19 மாடிக் கட்டடம். 6-ல் இருந்து 8-வது மாடி வரை ஸ்டேஷன், அதற்கு மேலே குடும்பங்கள். கீழே ஆற்றோரம் தனியாக ஒரு மேடை கட்டிவிட்டிருக்கிறார்கள். அங்கே டூரிஸ்ட்கள் வாயை 'ஆ'வென்று திறந்து நிற்க, ரயில் வாய்க்குள் போவது மாதிரி எதிரில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் நூறு பேர் வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்தால் பல் ஆஸ்பத்திரி கேம்ப் மாதிரியே இருக்கும்!

சரி, இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் மேட்டருக்கு வருவோம். கட்டி முடித்த வீட்டைக் குடைந்து ரயில் விட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வீடு, ஸ்டேஷன் இரண்டையும் ஒன்றாகவே திட்டமிட்டுக் கட்டினார்கள். ஆனால், ரயிலைத் தாங்கும் தூண்கள் வேறு, வீட்டைத் தாங்கும் தூண்கள் வேறு. இரண்டும் ஒன்றை ஒன்று தொடாது. அதனால் ரயிலின் அதிர்வு வீட்டுக்குப் போகாது. ரயிலும் சாதா ரயில் கிடையாது, மோனோரயில். ஒற்றை கான்க்ரீட் உத்தரத்தின் மேலே இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, ரப்பர் டயரில் ஓடும். இரும்புச் சக்கரம் வழுக்கும் மேட்டிலும் ரப்பர் டயர் பிடித்து ஏறிவிடும், குறுகலான வளைவிலும் திரும்பிவிடும். டெக்னாலஜி ஜப்பானில் இருந்து வந்தது. 2004 கடைசியில் ஓட ஆரம்பித்த அந்த 2-ம் நம்பர் லைன்தான் ஊருக்குள் ஓடும் சிட்டி ரயில்களில் முதல் லைன். இன்றைக்கு மெட்ரோ, மோனோ எல்லாம் சேர்த்து 500 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. மினிமம் டிக்கெட் 2 யுவான். (ஒரு யுவான் நம்ம காசுக்கு 12 ரூபாய் சுமார்.) ஒரு ஸ்டேஷன் வீட்டுக்குள் என்றால், இன்னொரு ஸ்டேஷன் பாதாளத்தில். ஹோங்யான்சுன் ஸ்டேஷனின் ஆழம் 116 மீட்டர்! எஸ்கலேட்டர் மாறி எஸ்கலேட்டர் ஏறி வெளியே வருவதற்குள் ஒரு பாட்டு முழுசாகக் கேட்டுவிடலாம்.

மாடி 24... லிஃப்ட் 0!

'ஆறு மாடிக்கு மேல் போனால் லிஃப்ட் வேண்டாமா?' என்று கேட்பவர்கள் பாய்ஷியாங்ஜூவுக்கு வாங்க. 'வெள்ளை யானை இல்லம்' என்று அர்த்தம். 1980-களில் கட்ட ஆரம்பித்த குடியிருப்பு. 24 மாடி. லிஃப்ட் கிடையவே கிடையாது!

அப்போ எப்படி? அங்கேதான் இந்த ஊரின் மூளை இருக்கிறது. கட்டடம் மலையில் சாய்ந்து நிற்பதால் 1-வது மாடியில் ஒரு வாசல், 10-வது மாடியில் ஒரு வாசல், 15-வது மாடியில் ஒரு வாசல். மூன்றுமே ரோட்டில்தான் திறக்கும். 17-வது மாடிக்காரர் 15-ல் நுழைந்து இரண்டு மாடி ஏறினால் போதும். பேப்பரில் பார்த்தால் செம ஐடியா.

ஆனால், நேரில் போனபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. 15-வது மாடி வாசலில் நுழைந்து 24-க்குப் போக, இன்னும் ஒன்பது மாடி ஏறணும். ஒரு பாட்டி காய்கறிப் பையோடு மாடிக்கு மாடி நின்று, சுவரைப் பிடித்து மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி, செல்ஃபி ஸ்டிக்கோடு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஏறி இறங்கினோம். சினிமாவில் வந்து ஃபேமஸ் ஆன இடம் என்பதால் கூட்டம் எப்பவும் உண்டு. 'இது எங்க வீடு, சத்தம் போடாதீங்க' என்கிற மாதிரி சுவரில் நோட்டீஸ். நமக்கு அது 'சைபர் சிட்டி' போட்டோ. அவருக்கு தினமும் ஒன்பது மாடி. அன்றைக்குத்தான் ஒரு கேள்வி மண்டைக்குள் ஏறி உட்கார்ந்தது... இந்த ஊரில் இவ்வளவு உயரத்துக்கும் பொருளைத் தூக்கிக்கிட்டுப் போறது யாரு?

பதிலுக்குப் பிறகு வரேன். அதற்கு முன்னால், சோறு!

நாக்குக்கு 50 ஹெர்ட்ஸ் கரன்ட்!

காலை எட்டு மணி. ரோட்டோரம் வரிசையாக பிளாஸ்டிக் ஸ்டூல்கள். உயரமான ஸ்டூல்தான் டேபிள், குட்டை ஸ்டூல்தான் நாற்காலி. கோட் சூட் ஆபீஸர், யூனிஃபார்ம் போட்ட பையன், கொத்தனார்... எல்லாரும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சுகிறார்கள். இதற்குப் பெயர் 'ஷியாவ் மியென்'. நம்ம இட்லி, வடை மாதிரி ஊரின் காலை டிபன். பத்து யுவான் இருந்தால் வயிறு ஃபுல்.

கடைக்காரம்மாவை எப்படிக் கூப்பிடுவது? வெளியூரில் 'ஆயி' என்பார்கள். அட, நம்ம கிராமத்து ஆயி மாதிரியே இருக்கே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால், இந்த ஊர் ஸ்டைல் 'ஞாங் ஞாங்'. அப்படிக் கூப்பிட்டால் கரண்டி எக்ஸ்ட்ராவாகச் சாய்கிறது! இன்னொரு சுவாரஸ்யம், சீன மொழியில் 'நீ' என்றால் நீதான்! 'நீ ஹாவ்' என்றால் வணக்கம். மொழிக்கும் மொழிக்கும் சொந்தமெல்லாம் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் முதல் நாள் கிளாஸில் அதைக் கேட்டபோது பாதி ஹோம்சிக் போயே போச்சு.

ராத்திரி என்றால் ஹாட்பாட். மாட்டுக் கொழுப்பு, மிளகாய், மசாலா கொதிக்கும் சட்டியில், ஒன்பது கட்டம் போட்ட தடுப்பு. மாட்டு வயிற்றுச் சவ்வு, வாத்துக் குடல், தாமரைக் கிழங்கு, காளான்... எதை வேண்டுமானாலும் முக்கி, பூண்டு போட்ட நல்லெண்ணெயில் தொட்டுச் சாப்பிடணும். சாவ்தியன்மென் துறையில் படகு இழுத்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் பணக்காரர்கள் ஒதுக்கிய குடலை வாங்கி, மிளகாய் போட்டுக் கொதிக்கவிட்டதுதான் ஆரம்பம் என்கிறார்கள். ஒரே சட்டியில் முன்பின் தெரியாதவர்கள் பங்கு போட்டுச் சாப்பிடத்தான் அந்தக் கட்டங்களாம். உன் கட்டம் உனக்கு, என் கட்டம் எனக்கு!

'ஆந்திரா மெஸ்ஸையே பார்த்தவன்டா' என்று காலரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மிளகாய்க் காரம் நமக்குப் பழக்கம்தான். கூடவே 'ஹுவாஜியாவ்' என்று ஒரு குட்டிக் காய் போடுகிறார்கள். பார்க்க மிளகு மாதிரி, ஆனால் எலுமிச்சைக் குடும்பம். கடித்தால் உதடு, நாக்கு எல்லாம் மரத்துப்போய் 'ஜிவ்வ்வ்' என்று துடிக்கும். 2013-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இதை உதட்டில் தடவி, விரலில் அதிரும் கருவி வைத்து, இரண்டு துடிப்பையும் ஒப்பிடச் சொல்லிச் சோதித்தார்கள். வந்த பதில் கிட்டத்தட்ட 50 ஹெர்ட்ஸ். நம்ம வீட்டுக் கரன்ட்டின் அதே ஃப்ரீக்வென்சி! இ.இ.இ. மக்களே, இனி யாராவது 'ஷாக் அடிக்குது' என்றால் நம்புங்கள்.

சுத்த சைவ கோஷ்டிக்கு இந்த ஊர் கொஞ்சம் கஷ்டம்தான். கீரை கேட்டாலும் மாட்டுக் கொழுப்பில்தான் குளித்து வரும். 'யுவான்யாங்' என்று கேட்டால் சட்டி நடுவே தடுப்பு போட்டு, காரமில்லாத சூப்பை ஒரு பக்கம் தருவார்கள். ஆனால், அது பெரும்பாலும் எலும்பு சூப்! காளான் சூப்பா என்று கேட்டு வாங்குங்கள்.

சோங்சிங் சொல்லகராதி (கட் பண்ணி பர்ஸ்ல வெச்சுக்கோங்க!)

ஷியே ஷியே: தேங்க்ஸ்.
துவோ ஷாவ் சியென்: எவ்வளவு?
வெய் லா: 'காரம் கம்மியா' என்று அர்த்தம். அவங்க கம்மிதான், நம்ம கம்மி இல்லை.
யாவ் தே: 'சரி, ஓகே'. உள்ளூர் பாஷை. இதைச் சொன்னால் ஆட்டோமேட்டிக்காக ஒரு சிரிப்பு கிடைக்கும்.
பா ஷி: 'செம சூப்பர்'. சாப்பிட்டு முடித்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்லவும்.

வெயில் வந்தா கல்யாணக் களை!

நம்ம ஊரில் மழை வந்தால் கொண்டாட்டம். இங்கே வெயில் வந்தால் கொண்டாட்டம். அக்டோபர் முடிந்ததில் இருந்து ஊர் மேலே சாம்பல் கலர் போர்வைதான். 'மூடுபனி நகரம்' என்று இன்னொரு பட்டப்பெயரே உண்டு. 'இந்தப் பக்கத்து நாய்கள் சூரியனைப் பார்த்தால் குரைக்கும்' என்று சீனத்தில் ஒரு பழமொழி. எப்பவும் பார்க்காத ஆள் வந்தால் குரைக்கத்தானே செய்யும்! ஒரு நாள் வெயில் அடித்தால் போதும்... பால்கனி, வேலி, பார்க் பெஞ்ச் எல்லா இடத்திலும் மெத்தையும் போர்வையும் காயப்போட்டுவிடுவார்கள்.

சீனாவின் வட பகுதியில் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு சூடான தண்ணீர்க் குழாய் ஓடும். தெற்கே இருக்கும் இந்த ஊருக்கு அந்தக் கவனிப்பு இல்லை. ஈரக் குளிர். ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் கோட் போட்டு, கிளாஸில் வெந்நீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காரணும். ஆமாம், வெந்நீர்! சளியா, வெந்நீர் குடி. வயிற்று வலியா, வெந்நீர் குடி. லவ் ஃபெயிலியரா, வெந்நீர் குடி! காலேஜில் மாடிக்கு மாடி வெந்நீர்க் குழாய் இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டதும் காலேஜே தூங்குகிறது. புரொஃபசரும் தூங்குவார். 'மதியத் தூக்கம் பாவம்' என்று நம்மை எழுப்பும் அம்மாக்கள் கவனிக்கவும். சாயங்காலம் ஆனால் காலி இடம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஸ்பீக்கர் வைத்து, ஐம்பது, அறுபது வயது அம்மாக்கள் வரிசை கட்டி டான்ஸ் ஆடுகிறார்கள். வெட்கமா? கிலோ என்ன விலை! ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த என்னையும் இழுத்துவிட்டார்கள். நாலு ஸ்டெப்பில் நான் அவுட், அவர்கள் ஒரு மணி நேரம் நாட் அவுட்.

காசை யாரும் கையில் தொடுவதில்லை. நூடுல்ஸ் கடை முதல் கீரைக்காரப் பாட்டி வரை கியூஆர் அட்டைதான். அந்த விஷயத்தில் நமக்கு ஷாக் இல்லை. கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் இல்லை என்பதுதான் முதல் வாரத்தில் கை உடைந்த ஃபீலிங். எல்லாத்துக்கும் வீசாட். வீட்டில் அம்மாவுக்கு வெளிநாட்டு சிம்மில் இருந்து போன் போட்டால், முதல் கேள்வி 'சாப்பிட்டியா?' இங்கே பக்கத்து ரூம் பையனும் பார்த்ததும் 'சாப்பிட்டாச்சா?' என்றுதான் கேட்கிறான். ரெண்டு பேரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை!

பதுங்கு குழியில் பரோட்டா... ஸாரி, ஹாட்பாட்!

இப்போ லேசா கொசுவத்திச் சுருள் சுத்திக்கோங்க. 1937-ல் ஜப்பான் படை முன்னேறி வந்தபோது, சீன அரசு தலைநகரத்தை இங்கே மாற்றியது. 1946 வரை சோங்சிங்தான் போர்க்காலத் தலைநகர். விளைவு, 1938-ல் இருந்து 1943 வரை ஜப்பான் விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. மக்கள் மலையைக் குடைந்து சுரங்கம் சுரங்கமாக வெட்டி ஒளிந்தார்கள். 1941 ஜூன் 5-ம் தேதி ராத்திரி, மணிக்கணக்காக நீடித்த தாக்குதலில் ஒரு பெரிய சுரங்கத்துக்குள் அளவுக்கு மீறிக் கூட்டம் சேர, காற்று போதாமலும் நெரிசலிலும் ஏராளமானோர் செத்துப்போனார்கள். அந்த இடத்தில் இன்றைக்கும் நினைவிடம் இருக்கிறது.

அந்தச் சுரங்கங்களை ஊர் மூடிவிடவில்லை. சிலது ஹாட்பாட் கடை. சிலது மியூசியம், கிடங்கு. கோடையில் சிலவற்றைத் திறந்து, நாற்காலி போட்டு, குடிதண்ணீர் வைத்து, 'வந்து குளுகுளுன்னு உட்காருங்க' என்று விடுகிறார்கள். ஏ.சி. இல்லாத வீட்டு தாத்தா பாட்டிகள் அங்கேயே சீட்டு ஆடிப் பொழுதைப் போக்குவார்களாம். கோடை என்றால் நம்ம வேலூர் கோடையும் தோற்கும். 2022 ஆகஸ்டில் இந்த மாநகரைச் சேர்ந்த பெய்பெய் பகுதியில் 45 டிகிரி பதிவானது!

காவடி தூக்கிய கைகள்

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். இவ்வளவு உயரத்துக்கும் பொருளைத் தூக்கியது யார்?

பதில், 'பாங்பாங்'. பாங்பாங் என்றால் குச்சி. தோளில் ஒரு மூங்கில் கழி, கழியில் சுற்றிய நைலான் கயிறு. இதுதான் மொத்த முதலீடு. கழியின் இரண்டு முனையிலும் சுமையைக் கட்டித் தூக்கினால் நம்ம காவடியேதான்! கிராமத்தில் இருந்து வந்த விவசாயிகள், படித்துறையில் கப்பலுக்காகக் காத்திருந்து, ஃபிரிட்ஜ், அரிசி மூட்டை, துணி பேல் என்று எதையும் நூற்றுக்கணக்கான படிகள் ஏற்றிக் கொடுத்தார்கள். 1990-களில் இவர்கள் எண்ணிக்கை லட்சங்களில் இருந்தது. ஊரில் இருந்த கடை, வீடு எல்லாமே இவர்கள் தோளில் ஏறி வந்தவைதான்.

2010-ல் ஒரு போட்டோகிராபர் எடுத்த படம் சீனா முழுக்கப் பிரபலம். சட்டையில்லாத ஒரு பாங்பாங். தோளில் மலை மாதிரி மூட்டை, வாயில் சிகரெட். ஒரு கையில் மூட்டையைப் பிடித்தபடி, இன்னொரு கையில் தன் சின்னப் பையனின் கையைப் பிடித்துப் படி இறங்குகிறார். பிறகு அதே நகர மையத்தில் அவர் சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கியதும் செய்தியானது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்களாம்.

ஆனால், எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. பாலம் வந்தது, ரயில் வந்தது, லிஃப்ட் வந்தது. மேட்டை ஏற 112 மீட்டர் நீள எஸ்கலேட்டர் 1996-லேயே வந்தாச்சு, 2 யுவான் கொடுத்தால் நின்றபடியே மேலே போகலாம். ஆற்றைக் கடக்க 1987-ல் இருந்து ரோப் கார் ஓடுகிறது. எல்லாமே நல்ல விஷயம்தான். முதுகெலும்பை ஒடிக்கும் வேலை ஒழிந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால், கழியைக் கீழே வைத்த ஆள் அடுத்து என்ன செய்தார் என்பதை எந்த டூரிஸ்ட் போர்டும் சொல்வதில்லை. இன்றைக்கு மொத்த வியாபார மார்க்கெட் பக்கம் போனால் சில பாங்பாங்குகளைப் பார்க்கலாம். எல்லாருக்கும் தலை நரைத்திருக்கிறது. இளவட்டங்கள் மஞ்சள் சட்டை போட்டு, மொபைலைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டுப் பார்சலோடு அதே படிகளில் ஓடுகிறார்கள். கழிக்குப் பதில் ஆப்!

மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் நடுவே 'ஷிபாதி' என்று ஒரு படிக்கட்டுத் தெரு. 'பதினெட்டுப் படி' என்று அர்த்தம். மேலே பணக்கார பஜார், கீழே கூலிக்காரர் வீடுகள். பழைய வீடுகளை எடுத்துவிட்டு, பழைய ஸ்டைலிலேயே புதுசாகக் கட்டி, 2021-ல் டூரிஸ்ட் தெருவாகத் திறந்தார்கள். சிவப்பு லைட், காபி ஷாப், வாடகைக்கு சீன பட்டுடை. போட்டோவுக்கு சூப்பர். ஆனால், ஒரு பாங்பாங்கின் வெண்கலச் சிலையோடு செல்ஃபி எடுப்பவர்கள் நடுவே நின்றபோது, இங்கே குடியிருந்த நிஜ மனுஷங்க எங்கே என்றுதான் தோன்றியது.

கூடை எக்ஸ்பிரஸ்!

அந்தக் கேள்வியோடு சுற்றியபோது, என் லேப் பார்ட்னர் சொன்ன ஐடியா: 'ஒரு நாள் விடியக்காலை 4-ம் நம்பர் லைனைப் பாரு.'

ஊருக்கு வெளியே ஷிச்சுவான் என்ற இடம் வரை 2022 ஜூனில் இந்த மெட்ரோ லைன் நீண்டது. சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். பார்த்தார்கள் தாத்தா பாட்டிகள்... விடிவதற்கு முன்னால் கீரையைப் பறித்து, முதுகில் மாட்டும் மூங்கில் கூடையில் அடுக்கி, முதல் ரயிலைப் பிடிக்க வரிசையில் நின்றுவிட்டார்கள்! பளபள ரயிலில் மண் ஒட்டிய முள்ளங்கி. 'ஆபீஸ் போறவங்களுக்கு இடைஞ்சல் ஆகாதா, தரை அழுக்காகாதா?' என்று நெட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. மெட்ரோ நிர்வாகம் தடை போடவில்லை. பாதுகாப்பு விதிப்படி இருந்தால் யாரும் ஏறலாம் என்று விட்டுவிட்டது. 'கூடை ஸ்பெஷல்' என்று ஜனங்களே பேர் வைத்துவிட்டார்கள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டு கலையாத நேரத்தில், சிட்டிக்குள் ஒரு ஸ்டேஷனில் போய் நின்றோம். ரயில் கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு வாசனை... வெங்காயத் தாள், ஈர மண். அப்புறம் கூடைகள். அதற்குக் கீழே வளைந்த முதுகுகள். எழுபது வயதுக்குக் குறைந்தவர் யாரும் இருந்த மாதிரி தெரியவில்லை. இறங்கியதும் யாரும் நிற்கவில்லை. வேற லைன் மாற, பஸ் பிடிக்க, சரசரவென்று பிரிந்து போனார்கள். படிக்கட்டு வந்த இடத்தில் ஒரு பையன் எதுவும் பேசாமல், முன்னால் போன பாட்டியின் கூடையைப் பின்னால் இருந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டே ஏறினான். மேலே போனதும் அவன் வேறு பக்கம் போய்விட்டான். பாட்டி திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. தினமும் நடக்கும் போல.

ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு ஞாங் ஞாங்கிடம் பட்டாணிக் கொழுந்து ஒரு கட்டு வாங்கினோம். எடை போட்டு, கூடவே இரண்டு வெங்காயத் தாளைச் சும்மா சொருகிக் கொடுத்தார். பஸ்ஸில் வந்த காலத்தைவிட இப்போது சீக்கிரம் வந்துவிடுவதாக லேப் பார்ட்னரிடம் சொன்னார். பத்து மணிக்குள் விற்று முடித்தால், காலிக் கூடையோடு உட்கார்ந்துகொண்டே வீட்டுக்குப் போகலாமாம். 'உட்கார்ந்துகொண்டே' என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கே... பா ஷி!

இதே முதுகுக் கூடைக்கு இன்னொரு கதையும் உண்டு. 2022 ஆகஸ்ட் வெயிலில் பெய்பெய் பகுதியின் ஜின்யுன் மலைக்காட்டில் தீப்பிடித்தது. செங்குத்தான பாதை, வண்டி ஏறாது. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மோட்டார் பைக்கோடு வந்து நின்றார்கள். முதுகில் அதே மூங்கில் கூடை. உள்ளே தண்ணீர், ஐஸ், தீயணைப்புக் கருவி, சாப்பாடு. இராத்திரி பகலாகப் புழுதியில் ஏறி இறங்கினார்கள். ஒரு பக்கம் தீக்கோடு, எதிரே மலை நெடுக டார்ச் வெளிச்சக் கோடு... அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஆகஸ்ட் 26-ல் தீ அணைந்தது.

சோங்சிங் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டை இடித்தால் எதிர்த்துக் கேட்பது இங்கே சுலபமில்லை. கேமரா இல்லாத தெருமுனை அபூர்வம். ஒன்பது மாடி ஏறும் பாட்டியும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால், 'சைனாவைப் பாரு, எவ்வளவு பெரிய பாலம்' என்று நம்ம கிளாஸில் சொல்லும்போது, நாம் பாலத்தை மட்டும்தான் பார்க்கிறோம். வீட்டுக்குள் ரயில் விட்டது கெத்துதான், மறுக்கவில்லை. இருந்தாலும், இந்த நாலு மாசத்தில் நான் பார்த்த பெஸ்ட் டிசைன் எது என்று வைவாவில் கேட்டால், மண் ஒட்டிய கூடைக்கும் கதவைத் திறக்கும் அந்த முதல் ரயிலைத்தான் சொல்வேன். அதற்குப் புது டெக்னாலஜி எதுவும் தேவைப்படவில்லை. 'நீயும் ஏறிக்கோ' என்று ஒரு முடிவு எடுத்தார்கள், அவ்வளவுதான்!

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி நெட்டை உருட்டும் மக்களே, ஒரு ஃப்ரீ டிப்ஸ்! நாளைக்குக் காலையில் உங்க ஊர் பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் சீக்கிரம் போய் நில்லுங்க. தலையில் கூடையோடு யாராவது ஏறிக்கொண்டிருப்பார்கள். டாபிக் கிடைச்சுடும். அப்படியே ஒரு கை பிடிச்சும் விடுங்க!